மண்செவி கேட்ட நாலு சென்ட்

பன்னிரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டி, வீட்டுக்குக் கிழக்கே காலியாகக் கிடந்த நாலு சென்டில் பாய் விரித்து நிலாச்சோறு சாப்பிட்டால் கொன்றை வீதி சும்மா இருக்குமா? மாடிக்கு மாடி தலைகள். அபிராமவல்லிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தில்லைநாயகம் சுவரைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தார்.

எல்லாம் வரிக்காகத்தான். வீட்டுக் கூரையை மாற்ற அந்த நாலு சென்டை விற்பதாக அறிவிப்புக் கொடுத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் நிலத்தில் ஒரு பாகத்தை மட்டும் விற்றால், வாங்கிய விலையை சென்ட் கணக்கில் பிரித்துக் கழித்துவிட்டு மிச்ச லாபத்துக்கு வரி போடுவார்கள். இப்போது மண்செவி வந்துவிட்டது. ஈட்டி மாதிரி மண்ணில் இறங்கி, கடைசி ஒரு வருஷத்தில் மண் உறிஞ்சிய காலடி, பேச்சு, சிரிப்பு அத்தனையும் கேட்கும் கருவி. வாழ்ந்ததும் செலவுதான் என்பது சட்டம். விற்கிற பாகத்தில் எவ்வளவு வாழ்ந்தீர்களோ அவ்வளவுக்கு வரி குறையும்.

மண்ணுக்குக் கேட்கவேண்டுமே என்று வல்லிதான் ஆரம்பித்தாள். ரசத்தில் உப்பு போதுமா என்றாள். இன்னொரு கவளம் பிசைந்துவிட்டு, போதும் என்றார்.

மாதங்கள் போயின. நிலவு பாலாய் வழிந்த சாயங்காலங்களில் அவர் தன் முதல் வேலையைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்துப் புரையேறினாள். மண்ணுக்காகப் பேசுவது எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை. வேடிக்கை பார்த்த எதிர்வீட்டார் கூச்சப்பட்டு மாடியைவிட்டு இறங்கிவிட்டதாகக் கேள்வி.

அளக்க வந்த அலுவலர் நாலு சென்டைக் கேட்டுவிட்டு, வரியே இல்லை என்றார். ஒப்புக்கு வீட்டுப் பக்கமும் ஈட்டியை இறக்கினார்.

"இங்க யாரும் குடியில்லையாம்மா?"

நிலம் கைமாறியது. வேலி வந்தது. புதுக்கூரையும் வந்தது. அதன் கீழே முதல் நாளே தில்லைநாயகம் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், பழையபடி.

வல்லி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் வரி அலுவலகத்தில் போய் விற்பனை அறிவிப்புப் படிவம் கேட்டாள்.

"எந்தப் பாகம்?"

"வீடு இருக்கிற பாகம்."

"கையெழுத்துப் போட்டா ஒரு வருஷத்துக்குள்ள வித்தே ஆகணும்மா. வீடு போயிடும்."

"ஒரு வருஷம் இருக்குல்ல," என்று போட்டாள்.

வந்ததும் அவர் அறைக் கதவைத் தட்டினாள். "ஏங்க, இந்த வீட்டையும் விக்கப்போறோம். சாப்பிட வாங்க."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.