மைனஸ் இருபது நிமிடம் முன்பு

நடந்து முடிந்த விஷயத்துக்குத்தான் "முன்பு" என்று போட வேண்டும். அவள் எழுதிய வலைப்பக்கம் "-20 நிமிடம் முன்பு" என்று போட்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் என்பதால் அலுவலகத்தில் அவளைத் தவிர ஒரு ஈ, காக்கை கிடையாது. காலையில் தரை துடைத்துவிட்டுப் போன ஃபினாயில் வாடை இன்னும் நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கிடந்தது. ஏசியின் உறுமலுக்கு அடியில் எங்கோ ஒரு சொட்டு விட்டுவிட்டு வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் மறைப்பின் நிழல் வரிவரியாக மேசைமேல் ஊர்ந்து வந்து அவள் விரல்களில் ஏறியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் கம்பெனி விற்பது சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் அது என்னவென்று ஒரு வரி எழுதி, நேரத்தோடு அனுப்பிவிடும். அந்த நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்து, "ஐந்து நிமிடம் முன்பு", "நேற்று" என்று மனுஷ பாஷையில் காட்டுவது அவள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் வேலை. சோதனைக்காகத் தன் வீட்டுப் பெட்டியையே இணைத்திருந்தாள். அதிலிருந்து ஐந்து வரிகள் வந்திருந்தன.

முன்கதவு திறந்தது. கண்ணாடி உடைந்தது. அலறல். ஒருவர் விழுந்தார். இந்த நான்குக்கும் -20 நிமிடம். கடைசியில் இன்னொரு முறை, ஒருவர் விழுந்தார். அதற்கு மட்டும் -22.

பெட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டருக்குப் போன் போட்டாள்.

"என் வீட்டுப் பெட்டிக்குள்ள பொய் டேட்டா போட்டு வச்சீங்களா?"

"நானா? லீவு நாள்ல எனக்கு வேற வேலை இல்லையா?" என்றான் டெஸ்டர். "மைனஸ் காட்டுதுன்னா பெட்டியோட கடிகாரம் முன்னாடி ஓடுது, அவ்ளோதான். மைனஸைத் தூக்கிடுங்க. பெட்டி என்ன ஜோசியமா சொல்லப் போகுது?"

அவளும் சிரித்தாள். மைனஸ் குறியைத் தின்றுவிட்டு எண்ணை மட்டும் விட்டுவைக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டுச் சேமித்தாள். பக்கம் சமர்த்தாகிவிட்டது. அலறல், 16 நிமிடம் முன்பு.

சட்டென்று வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா போன பிறகு அவளுக்கு இந்த உலகத்தில் இருப்பது அக்கா ஒருத்திதான். அந்த அக்காவோ படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு வீட்டில் தனியாகக் கிடக்கிறாள்.

"என்னடி அலறல்?" போனில் அக்கா அலுத்துக்கொண்டாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டு எந்தக் கண்ணாடியை நான் உடைக்க? நல்லா தூங்கிட்டிருந்தவள எழுப்பிவிட்டுட்ட. குட்டி, உனக்கும் உன் பெட்டிக்கும் சேர்த்து மந்திரிக்கணும்."

போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள். இயந்திரத்தில் டீ பிடித்து, ஜன்னலோரம் நின்று ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அலறல், 9 நிமிடம் முன்பு.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "முன்பு" என்பது ஏறத்தானே வேண்டும்? பதினாறு இருந்தது இந்நேரம் இருபத்துமூன்று ஆகியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளியில் சொட்டு விழுந்தது. ஒன்பது எட்டானது.

இறங்குகிறது.

வந்துகொண்டிருக்கிறது.

"அக்கா," போனில் கத்தினாள், "பேசாம நான் சொல்றதைக் கேளு. யாரோ வரப்போறாங்க. சுத்தியலை எடுத்துக்கிட்டுக் கதவுக்குப் பின்னாடி நில்லு."

"பயமுறுத்தாதடி குட்டி..."

"நான் வந்தா வெளியிலிருந்தே உன்னைக் கூப்பிடுவேன். கூப்பிடாம எது உள்ள வந்தாலும் அடி. முகத்தைப் பாக்காத. எந்திரிக்கவே விடாத."

வீடு நான்கு தெரு தள்ளி. ஓடினாள். காய்ந்த தார் வாடை. ஹாரன். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஒரு செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். கையில் போன். 4. 3. மூச்சு நெஞ்சைக் கிழித்தது. 1. 0.

மாடிப்படியில் கால் வைத்தபோது, -22-ல் இருந்த கடைசி வரி உட்பட ஐந்து வரிகளும் ஒரே மாதிரி இருந்தன. 1 நிமிடம் முன்பு. 1 நிமிடம் முன்பு. 1 நிமிடம் முன்பு.

போய்விட்ட ஒன்றா? வரப்போகிற ஒன்றா? அதைச் சொல்லத்தான் அந்தச் சின்னக் கோடு இருந்தது. அவள்தான் அழித்தாள். ஐயோ, அவளேதான்.

மேலே கதவு திறந்து கிடந்தது.

உள்ளே ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல. நின்றது. மறுபடியும்.

"அக்கா!"

உள்ளே ஓடினாள். கூடத்தில் நிலைக்கண்ணாடி சுக்குநூறாகக் கிடந்தது. வெறுங்காலில் குத்தியது, அவளுக்கு உறைக்கவில்லை. இரும்பு வாடை. சுவரில், வெள்ளைப் பெட்டியின் மேல், கூரை வரைக்கும் ரத்தம் தெறித்திருந்தது. மாவுக்கட்டுக் காலை ஒரு பக்கம் நீட்டி அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு சிவப்பு. முழங்கை வரை சிவப்பு. மடியில் யாருடைய தலையோ கிடந்தது.

"கூப்பிடாம வந்துச்சு," அக்கா தலை நிமிராமல் முனகினாள். "முகத்தைப் பாக்கல. நீ சொன்னபடியே... ஒரு தடவை அலறுச்சு. எந்திரிக்கவே விடல. அப்புறம்தான்டி பாத்தேன்."

நொறுங்கிய மண்டைக்குக் கீழே பாதி முகம் மிச்சம் இருந்தது. அவளுடைய முகம். அவளுடைய நீலச் சட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு. இறுகிய விரல்களுக்குள் அவளுடைய போன், வெளிச்சத்தோடு, அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தது.

அவள் ஓரடி பின்வாங்கினாள். கண்ணாடித் துண்டு ஒன்று காலடியில் நொறுங்கியது.

அக்கா நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் அவளை அடையாளம் கண்ட சாயலே இல்லை.

"அக்கா... நான்தான். குட்டி."

"என் குட்டி இங்க கிடக்கா," அக்கா சொன்னாள். மடியிலிருந்த தலையை மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள். சுவரைப் பிடித்தபடி உடைந்த காலை ஊன்றி எழுந்தாள். கையில் சுத்தியல். அதன் முனையில் முடி.

"நீ யாரு?"

கீழே கிடந்த போனில் கடைசி வரி மாறியது.

ஒருவர் விழுந்தார், 0 நிமிடம் முன்பு.