பெட்டி ஆத்துல இல்ல

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஸுதர்சன் காந்தாவின் பிரவுசிங் சென்டருக்குள் வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. கல்லூரியில் கணிதம் நடத்துகிறவன். காந்தா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எது தொலைந்தாலும், எந்த மொட்டைக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். அது அவளுக்குப் பழகிவிட்டது. அவள் கணவன் குருவுக்குத்தான் இன்னும் பழகவில்லை. அவன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான்.

ஸுதர்சன் சொன்னது இதுதான். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. ஒருவர் எங்காவது ஒரு பெட்டியை ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவார்கள். சிலர் அந்த எண்களையே புதிராக மறைத்துவிடுவதும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் கட்டத் தாளில் வண்ணம் அடித்துப் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் கிராஃப் போடும் சத்யப்ரியாவை இரண்டு வருடம் முன்பு இந்த விளையாட்டில்தான் அவன் சந்தித்தான். போன வாரம், தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்று கேட்டான். பதில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லி அவள் ஒரு கிராஃப் தாளைக் கொடுத்தாள். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பெட்டியோடு வர வேண்டும். அதுவரை போன் கூடாது. வராவிட்டால் அப்பா பார்த்த மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவாள்.

ஜி.பி.எஸ். கருவி வைத்திருந்தது ஸுதர்சனின் பெரியம்மா பையன் வரத். அமெரிக்காவில் எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தவன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி எட்டு வருடமாவது பேசுவான் என்று தோன்றியது. தேடும் வேலையை அவனே ஏற்றுக்கொண்டான். நேற்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே டைப் அடித்த ஒரு வரி: ‘நமக்குள் சரிப்படாது. மறந்துவிடுங்கள்.’

“அவ டைப் அடிச்சு நான் பார்த்ததே இல்லை, அக்கா. அதான் ஒரு சந்தேகம்” என்றான் ஸுதர்சன்.

காந்தா கிராஃப் தாளை வாங்கினாள். எண்களின் முன்பகுதியைச் சத்யப்ரியா எழுதியே கொடுத்திருந்தாள். மறைத்தது கடைசி ஆறு இலக்கங்களை மட்டும். ஆறு வரிசைகளில் சிவப்புக் கட்டங்கள்: மேலிருந்து இரண்டு, ஐந்து, எட்டு, ஒன்று, மூன்று, ஆறு. அடியில் அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘பெட்டி ஆத்துல இல்ல.’

குரு துள்ளி எழுந்தான். பெருக்க வேண்டும், கூட்ட வேண்டும், ஏதோ ரகசிய எழுத்து என்று அடுக்கிக்கொண்டே போனான். காந்தா அவனைப் பார்த்த பார்வையில் பேனா தானாக மூடிக்கொண்டது.

“நீங்க போய் அந்த வரத்தைக் கூட்டிக்கினு வாங்க. அந்த மெஷினையும் எடுத்தாரச் சொல்லுங்க.”

வரத் கருவியைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தான். ஜெராக்ஸ் கடையில் விசாரணையா என்று சிரித்தான். டப்பாவை எங்கே எடுத்தாய் என்று காந்தா கேட்டதும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“அவ என்ன பெரிய கணக்கா போட்டுடப் போறா? கலர் அடிக்கறவதானே. மேல இருந்து அப்படியே எண்ணினேன். எண் நேரா பாலாத்து நடு மணல்ல கொண்டு விட்டுது. ஒரு கல்லுக்கு அடியில இருந்தது.”

“கடைசி வரியை என்னான்னு படிச்ச தம்பி?”

“பெட்டி எங்காத்துல இல்லைங்கறா. எங்காத்துல ஏன் இருக்கப் போறது? அசட்டுக் குறிப்பு.”

ஸுதர்சனும் தலையாட்டினான். அவனும் அப்படித்தான் படித்திருந்தான்.

காந்தா இருவரையும் ஒரே அளவு இகழ்ச்சியோடு பார்த்தாள்.

“ஆத்துலன்னா வீடுன்னு உங்க தெருவுல சொல்றீங்க. அவ பொறந்த தெருவுல வீட்டுக்கு வீடுன்னுதான் பேரு. ஆத்துலன்னா ஆறு. தப்பா எண்ணினா பாலாத்துல போய் நிப்பீங்கன்னு தெரிஞ்சுதான், பெட்டி அங்க இல்லன்னு எழுதி வச்சிருக்கா. இல்லாத எடத்துல நீ எடுத்தாந்தியா, தம்பி?”

வரத்தின் கையில் கருவி சுழல்வது நின்றது. மணலில் வேறு யாராவது வைத்திருக்கலாம் என்று முனகினான்.

“உனக்கு அங்க ஒண்ணும் கெடைக்கல. கலர் அடிக்கிற பொண்ணு உன்னைத் தோக்கடிச்சிட்டான்னு வெளிய சொல்ல வெக்கம். அவ உங்க குடும்பத்துக்குள்ள வரவும் புடிக்கல. அதான் டப்பா வாங்கி நீயே லெட்டர் அடிச்ச. மெஷினை வச்சிட்டுப் போப்பா.”

அவன் வைத்துவிட்டுப் போனான்.

காந்தா தாளின் அடி வரிசையில் விரலை வைத்தாள். தினமும் இதுபோல் இருபது கிராஃபுக்கு அவள் ஜெராக்ஸ் எடுக்கிறாள். எல்லாவற்றிலும் ஒன்று என்ற எண் அடி வரிசைக்குத்தான். தறியில் முதல் ஊடை, அதாவது குறுக்கு இழை, விழுவது அங்கே. சேலை கீழிருந்து மேலே வளரும். அப்படி எண்ணினால் ஆறு, மூன்று, ஒன்று; எட்டு, ஐந்து, இரண்டு.

“ரெண்டு வருசமாப் பழகினு இருக்குற. அவ வேலை செய்யுறத ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்தியா?”

ஸுதர்சன் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

எண்கள் அவர்களை ஓரிக்கையில் பாலாற்றின் கரைமேல் இருந்த ஒரு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தின. செங்கல் இடுக்கில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. ஸுதர்சன் திறந்தான். கிராஃப் தாளில் அவள் கையெழுத்து.

‘மேலேர்ந்து கீழ பாக்கறவங்களுக்கு இது கெடைக்காது. நீங்க கீழேர்ந்து எண்ணியிருக்கீங்க. எனக்குச் சம்மதம்.’

குரு கைதட்டினான். ஸுதர்சன் சிரிக்கவில்லை. “நான் எண்ணலையே, அக்கா.”

“அதை அவகிட்ட சொல்லு” என்றாள் காந்தா. அன்று முதல்முறையாக அவள் குரலில் இகழ்ச்சி இல்லை.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அவன் சத்யப்ரியாவின் வாசலில் நின்றான். டப்பாவை நீட்டினான், எண்ணியது காந்தா அக்கா என்று சொன்னான், வரத் செய்ததையும் சொன்னான். அவள் டப்பாவை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், பாதி வரைந்த ஒரு கிராஃபைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்தாள்.

“இதுல ஒண்ணாம் நம்பர் வரிசை எங்க இருக்குது?”

அவன் அடி வரிசையில் விரலை வைத்தான்.

“உள்ள வாங்க” என்றாள். “அப்பா வர நேரம்.”