பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. தோளில் டேப் ரெக்கோடர்.

“அருமையான கேஸ், கமலாசனி. விட்டிடாதையும்,” என்று சொல்லி அனுப்பியிருந்தார் பேராசிரியர் விமலநாதன். எண்பத்து மூன்று கலவரத்தில் மகளைப் பறிகொடுத்த தாய். இரண்டு வருடமாக அந்த மகளின் பெயரை மட்டும் உச்சரிப்பதில்லை. நான் செய்யவந்த தனியாள் ஆய்வென்றால் ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையைத் துருவித் துருவிப் பார்ப்பது. எழுதும்போது அவருக்குப் பெயர் கிடையாது, வெறும் ‘நபர் அ’. அந்த ‘அருமையான’ என்ற சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

புதிதாகத் தகரம் போட்ட வீடு. சுவர் முழுக்கக் கரி. அடுப்பு எரியவில்லை, ஆனாலும் மண்ணெண்ணெய் மணந்தது. மூலையில் கருகிய இரும்பு அலுமாரி ஒன்று. அதை யாரும் தொடக் கூடாதாம்.

அந்தத் தாய், இரத்தினம்மா, எனக்குக் கதிரையைத் தந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“பக்கத்து வீட்டு பாயிஸா ராத்தாக்கிட்ட எடம் கேக்கப் போனேன் மிஸ். புள்ளய அலுமாரிக்குள்ள வச்சேன். யாரு கேட்டாலும் குசுமான்னு சிங்களப் பேரச் சொல்லு, நான் ஒன் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் வெளிய வரணும்னேன்.”

“பிறகு?”

“அதுக்குள்ள வந்து வீட்டக் கொளுத்திட்டானுங்க. ராத்தா வீட்டு ஜன்னல்ல பாத்துக் கத்தப் போனேன். ராத்தா வாயப் பொத்திட்டாங்க. ஒருக்கா கூப்புட்டிருந்தா ஓடி வந்திருப்பா.”

பட்டியலில் அடுத்த கேள்வி இருந்தது. வெட்கமில்லாமல் கேட்டேன்.

“மகளின்ர பெயர் என்ன, அக்கா?”

அவர் அலுமாரியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

பின்னேரம் விடுதியில் நாடாவைப் போட்டேன். என் கேள்வி. மௌனம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுமியின் குரல், சிங்களத்தில், பாடம் ஒப்பிப்பதுபோல்.

“மகே நம குசுமா.”

என் பெயர் குசுமா.

மறுநாள் விமலநாதன் அதைக் கேட்டார். “தெருச் சத்தம். வெட்டிப்போடும். நபர் அ பதில் சொல்லேல்லை எண்டு எழுதும்,” என்றார். ஒரு பிள்ளை பொய்ப் பெயரோடு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறது, இவருக்கு அது தெருச் சத்தம்! நாடாவைப் பறித்துக்கொண்டு நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன்.

நான் போட்டுக் காட்டிய நாடாவை இரத்தினம்மா கேட்டார். அழவில்லை. எழுந்து அலுமாரியின் முன்னால் போய் நின்றார்.

“ராஜேஸ்வரி... வாடி வெளிய.”

கைப்பிடி அசைந்தது.

கதவு ஒரு விரலளவு திறந்தது. மண்ணெண்ணெய் மணம் மூச்சை அடைத்தது.

“அம்மா... அவங்க போயிட்டாங்களா?”

இரத்தினம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லொறி கோஷம் போட்டுக்கொண்டு போனது. எண்பத்து மூன்றில் போட்ட அதே கோஷம்.

அலுமாரிக் கதவு உள்ளேயிருந்து மெல்லச் சாத்திக்கொண்டது.