பாதி விலை வண்டி

வெயில் நாற்பத்தேழு டிகிரியைத் தொட்டதும் வள்ளியூரில் நின்றிருந்த வண்டிகளில் அரசின் மின் ஈர்ப்பு தொடங்கியது. ஜெஸிந்தாவின் காரும் அசையவில்லை. வீட்டுச் சுவரிலிருந்து வந்த மின்கம்பி வண்டியோடு பூட்டிக்கொண்டு, அதிலிருந்த மின்சாரத்தை வெளியே உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சற்று முன்தான் திருநெல்வேலியிலிருந்து செய்தி வந்திருந்தது. வேலைக்குப் போன இடத்தில் அவள் கணவன் ஞானதுரை மயங்கி விழுந்துவிட்டான். மூளையில் ரத்தக்கசிவு. உடனே அறுவை சிகிச்சை.

மின்வண்டி விலையில் பாதி பேட்டரிக்கே போய்விடும். பெட்ரோல் ஒழிந்தபோது அந்தப் பாதியை அரசே ஏற்றது. பதிலுக்கு, கடும் வெயில் நாளில் வண்டியின் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். புது மின்நிலையம் கட்டாமலே நாடு சமாளித்தது. முழு விலை கொடுத்தால் இந்தக் கட்டாயம் இல்லை. அப்படி வாங்கியவர் யாரையும் ஜெஸிந்தா பார்த்ததில்லை.

ஈர்ப்பு மையத்துக்குப் பேசினாள். ஒரு ஆண்குரல் எடுத்தது.

"அண்ணே, என் வண்டிய மட்டும் விட்டுருங்க. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்காரு."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். சொன்னாள்.

"அங்க கரன்ட்டே ஒங்க ஊரு வண்டில இருந்துதாம்மா போகுது. இப்பவே முந்நூறு பேரு கேட்டுட்டாங்க. எல்லாத்தையும் விட்டா அங்க இருட்டாயிரும். ஆறு மணிக்குத் தானா விட்டுரும்."

அவள் போனை வைத்துவிட்டு வேறு வண்டி தேடினாள். தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள். ஆட்டோக்களும் கம்பியில் கட்டுண்டு நின்றன. பஸ் பணிமனையைவிட்டு வரவேயில்லை. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள். நம் மின்சாரம் அவருக்குத்தானே போகிறது என்று நினைத்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

நாலு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிட்டாம்மா?"

"இன்னும் ஆரம்பிக்கலக்கா. தியேட்டர் தயாரா இருக்கு. லைட்டு, ஏசி, அண்ணனுக்கு வச்ச மூச்சு மெஷின், எல்லாம் ஓடுது. கரன்ட்டுக்கு ஒரு கொறையும் இல்ல."

"பொறவு?"

"டாக்டர் நாங்குநேரில இருந்து வரணும். அவரும் பாதி விலை வண்டிதான் வாங்கியிருக்காரு."

"ஆம்புலன்ஸ் அனுப்பக் கூடாதா?"

"வெயில்ல சுருண்டு விழுந்தவங்களத் தூக்க எல்லாம் போயிருக்குக்கா."

ஜெஸிந்தா எழுந்து போய்க் கம்பியை இரு கைகளாலும் பிடித்து இழுத்தாள். பூட்டு லேசாக அசைந்தது. இன்னொரு முறை இழுத்தால் வந்துவிடும்போல் இருந்தது.

அவன் மூச்சு இதன் வழியாகத்தானே போகிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. அவள் பதறிப்போய்ப் பூட்டை மறுபடி அழுத்தி இறுக்கினாள்.