சீட்டுக்கு ஒரு நீலக் கோடு

மேம்பாலம் ஏறும்போதே வலது கெண்டைக்கால் முணுமுணுத்தது. இறங்கும்போது கத்தியே விட்டது.

“ஐயோ… அம்மா…!”

நல்ல மழை வேறு. காலை ஊன்றலாம் என்றால் தரை எட்டவில்லை. பாலத்தடித் தையல் கடைக்குள் சைக்கிளோடு சரிந்தவள், வாசலில் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். இந்தக் கதையில் அவள் முதலில் கட்டிப்பிடித்தது அந்தப் பொம்மையைத்தான். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தான் தையல்காரன். முப்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் நீல நிறச் சாக்பீஸ்.

“எங்க பிடிச்சிருக்கு?”

“கெண்டை… கெண்டை…”

“கால மடக்காதீங்க, நீட்டுங்க. விரல உங்க பக்கமா இழுங்க… மெதுவா.”

கால் விரல் வரை அவள் கை எட்டவில்லை. அவன் தொடவும் தயங்கினான். சட்டென்று இஞ்ச் டேப்பை உருவி அவள் பாதத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனைகளையும் அவள் கையில் கொடுத்தான்.

“இப்ப இழுங்க. மூச்ச அடக்காம விடுங்க…”

இழுத்தாள். கல்லாக இறுகியிருந்த சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அப்பாடா என்று நிமிர்ந்தால்… அவன் அவள் காலையும் சைக்கிள் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பாக்கறீங்க?” சீறினாள்.

“இருபத்தொம்போது.”

“என் வயச இப்ப யாரு கேட்டா?”

“வயசு இல்லங்க, கால் அளவு! இது முப்பத்தொண்ணரை காலுக்கு வச்ச சீட்டு. நுனி விரல்ல எட்டி எட்டி மிதிச்சா கெண்டை பிடிக்காம என்ன செய்யும்? ரெண்டரை இன்ச் இறக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “வயசும் அதுதானா?” என்றான்.

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“அது எங்கப்பா சீட்டு. யாரும் தொடக் கூடாது.”

சீட்டுக் குழாயில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைக் காட்டினாள். அப்பா வைத்த அடையாளம் அது. மின்கம்பம் ஏறும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை, கூட வேலை பார்த்தவர்களோடு கலங்கரை விளக்கம் வரை போய் வருவார். நூறு கிலோமீட்டர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். “இந்த வருஷம் நீ போம்மா. அடுத்த வருஷம் நான் ஏறிக்கறேன். சீட்ட மட்டும் மாத்திடாத” என்று சொல்லியிருந்தார்.

தினமும் ஆறு கிலோமீட்டர் ஓட்டியவள் ஒரே வாரத்தில் நாற்பதுக்குத் தாவியிருந்தாள். பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம்தான் இருந்தது.

“ஆறுலேர்ந்து நாப்பதா!” தலையில் கை வைத்துக்கொண்டான். “ஸ்கூல் தொறக்கற சமயத்துல யூனிஃபார்ம் தைக்க நாள் பூரா மெஷின மிதிப்பேன். எடுத்தவுடனே அப்படி மிதிச்சா என் காலும் பிடிக்கும். ரெண்டு மாசம் முன்னாடியே தினம் கொஞ்சம் கூட்டிக்கிட்டு வருவேன். நடுவுல ஒரு நாள் ஓய்வு. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி. ஏத்தத்துல சின்ன கியர்… முறைச்சுக்கிட்டுப் பெரிய கியர்ல ஏறினா, மலையா பயப்படப் போகுது?”

“மெஷின் மிதிக்கறவர் எனக்குச் சைக்கிள் கத்துத் தர்றீங்களா?”

“நீங்க என்ன வேலைங்க?”

“பல் செட் செய்யற லேப்ல இருக்கேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தர் வாய்க்குச் செஞ்ச செட்ட இன்னொருத்தர் மாட்டிக்கிட்டா என்னாகும்?”

ஈறு புண்ணாகும். அவளுக்கு நன்றாகவே தெரியும். முகத்தைத் திருப்பி மழையைப் பார்த்தாள். மழை விட்டதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவன் கண்கள் கூடவே வந்தன. நல்ல கண்கள்தான்… சும்மா இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அப்பாவின் சத்தம் வீட்டையே ஆட்டியது.

“யாரு இதுல கோடு போட்டது?”

கறுப்பு டேப்புக்கு ரெண்டரை இன்ச் மேலே, குழாயில் மெல்லிய நீலக் கோடு. நேற்றுக் கடையில் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்த நேரத்தில் தையல்காரன் போட்டிருக்கிறான்! அந்தக் கோடு மறையும் வரை குழாய் உள்ளே இறங்கினால் போதும்… ஆனால் அப்பாவின் முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. நீ இனி ஏற மாட்டாய் என்று யாரோ எழுதி வைத்ததைப் படித்த முகம் அது.

நேராகக் கடைக்குப் போனாள்.

“எங்க வீட்டு விஷயத்துல கோடு போட நீங்க யாருங்க?”

அவன் முகம் சுருங்கியது. “மார்க்தாங்க பண்ணேன். வெட்டறதும் தைக்கறதும் துணி குடுத்தவங்க சரின்னு சொன்னாதான். எங்க தொழில்ல அப்படித்தான்…”

“நான் சரின்னு சொல்லல!”

திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். பாலத்தை விட்டுச் சுற்று வழியில் போகத் தொடங்கினாள். ஆனாலும் அவன் சொன்ன கணக்கைத் திருட்டுத்தனமாகக் கடைப்பிடித்தாள். பத்து, பன்னிரண்டு, பதினைந்து, ஒரு நாள் ஓய்வு… தண்ணீர், சின்ன கியர், எல்லாம். முப்பதைத் தாண்டியதும் கெண்டை மறுபடி பிடித்தது. சாலையோரம் உட்கார்ந்து துப்பட்டாவைப் பாதத்தில் மாட்டி இழுத்தாள். கால் விட்டது. மனசு விடவில்லை. அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ…? மன்னிப்புக் கேட்கலாமா என்று பத்துத் தடவை நினைத்தாள். பத்துத் தடவையும் ரோஷம் குறுக்கே வந்து நின்றது.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, லேப் முடிந்து வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா சைக்கிள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் ஸ்பேனரோடு, கறுப்பு டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா… என்ன பண்றீங்க?”

“கோடு போட்டவனத் திட்டிட்டு வரலாம்னு, நீ சொன்ன பாலத்தடிக் கடைக்குப் போனேம்மா.”

“தனியாவா! கம்ப ஊனிக்கிட்டா!”

“ஆமா. நல்லாத் திட்டினேன். அந்தத் தம்பி ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. என் பேன்ட் இடது பக்கம் தரையில தேயறதப் பாத்தான். ஸ்டூல்ல உக்காந்து, மடிச்சு, ஊசி குத்தினான். நோட்டுல ரெண்டு காலுக்கும் ரெண்டு அளவு எழுதினான்…”

அப்பாவின் இடது கால் மடிப்பில் வெள்ளை நூல் தையல் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கால் ஒரு இன்ச் குறைந்ததை டாக்டர் அப்போதே சொன்னார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

“கண்ணாடி முன்னாடி நின்னேன். பேன்ட் ரெண்டு காலும் சரியா இருந்துச்சு. தடுக்கல. அப்பதான் நெனச்சேன்… எனக்கு வச்ச அளவே இப்ப எனக்கு இல்ல, அத எம்பொண்ணு தலையில ஏன் கட்டறேன்?” டேப் முழுசாக உரிந்து வந்தது. அதை விரலில் உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இந்தா, சீட்ட அமுக்கு. மங்கிப் போனாலும் தெரியுது பாரு, அந்தக் கோடு வரைக்கும்.”

அமுக்கினாள். குழாய் சின்னச் சத்தத்தோடு உள்ளே இறங்கியது. அவள் அழுதாள். அப்பா நட்டை முறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

“உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கலம்மா அந்தத் தம்பி,” என்றார் குனிந்தபடியே. “கால் வலி எப்படி இருக்குன்னு மட்டும் மூணு தடவ கேட்டான்.”

பயண நாளன்று, கலங்கரை விளக்கத்தின் அடியில் அப்பாவின் நண்பர்கள் கைதட்டினார்கள். திரும்பி வருகையில் தூறல். எண்பது கிலோமீட்டர், தொண்ணூறு… தொடை சோர்ந்தது, கெண்டை மட்டும் ஒரு முறைகூட இழுக்கவில்லை. பாலம் வந்தது. சுற்று வழி இடப்பக்கம் இருந்தது. அவள் நேராக ஏறினாள், சின்ன கியரில்.

கடை வாசலில் கால் ஊன்றினாள். இந்த முறை தரை எட்டியது.

“கால் பிடிச்சிடுச்சு…!” என்று கத்தினாள்.

அவன் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “எங்க? கெண்டையா? நீட்டுங்க!” டேப்பை உருவியவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றான். “…வலிக்கற மூஞ்சி இல்லையே இது?”

“பொய்தான். சும்மா வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சு.” குரல் இறங்கியது. “அன்னைக்குத் திட்டினது தப்புங்க. ஒத்துக்கறேன்.”

“நானும் ஒண்ணு ஒத்துக்கணும்.” டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். “அன்னைக்கு அளவு பாத்தேன்னு சொன்னேன்ல… அளவு பாக்க எனக்கு ஒரு செகண்டு போதும்ங்க. மீதி நேரம் முழுக்க உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

மழை பலத்தது. பொம்மை நனைவதை இருவருமே கவனிக்கவில்லை.

“அடுத்த வருஷமும் போகணும்,” என்றாள் தலை நிமிராமல். “தனியாப் போக இஷ்டமில்ல…”

“என்கிட்ட சைக்கிள் இல்லையே!”

“வாங்கிக்கலாம்.” காதிலிருந்த நீலச் சாக்பீஸை எட்டி எடுத்துக்கொண்டாள். “உங்க கால் அளவு எத்தன? நான் கோடு போடறேன்.”