எட்டாத மேல் வரிசை

பூட்டிக் கிடந்த வீட்டின் மதிலில் லவீனா முதல்நாள் மாலை வெண்கட்டியால் வரைந்த சுடோக்குக் கட்டம், விடிந்தபோது நிரம்பியிருந்தது. மேல் வரிசை மட்டும் வெறுமை.

அது சாதாரணச் சுடோக்கு அல்ல. கட்டத்தின் கீழே லவீனா ஒரு விதியைக் கூடுதலாக எழுதியிருந்தாள்: ஒரே எண் மூலையோடு மூலைகூட முட்டக்கூடாது. வகுப்பில் எல்லோரும் தலையிடி என்று ஓடிவிட்டார்கள். விளையாட ஆளில்லாமல்தான் மதிலுக்கு வந்தாள்.

இப்போது யாரோ பிழையின்றி நிரப்பியிருக்கிறார்கள். மணலில் புதிய காலடி ஒன்றுகூட இல்லை. இரண்டு பாம்புகள் அருகருகே ஊர்ந்ததுபோல் இரண்டு நீளக் கோடுகள் மட்டும்.

"பேய்க்குத்தான் கால் நிலத்திலை முட்டாது," என்றான், வீட்டில் இதைக் கேட்ட அண்ணன் ஜெரோசன். "இனி உந்த மதிலடிக்குப் போகாதை."

"பேய்க்கு என்ரை விதி எப்பிடி விளங்கினது, அண்ணை?"

"செத்தாப் பிறகு நேரம் கனக்க இருக்கும்தானே."

லவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போகாவிட்டால், தன் விதி விளங்கிய ஒரே ஆளையும் இழந்துவிடுவாள்.

மாலையில் மறுபடி மதிலடிக்குப் போனாள். மேல் வரிசைதான் மிகச் சுலபம். பேய் ஏன் அதை விட்டது? முழங்காலில் நின்று கையை நீட்டினாள். விரல்கள் மேல் வரிசைக்குச் சற்றுக் கீழே நின்றன.

முழங்காலில் நின்றபடியே எட்டும் உயரத்தில், புதிய கட்டத்தைப் பதிவாக வரைந்தாள்.

மறுநாள் விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் லவீனா மதிலடியில் காத்திருந்தபோது, கிறீச், கிறீச் என்று ஏதோ மதிலோரமாக வந்தது. ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை.

மூலை திரும்பி வந்தது ஒரு சக்கர நாற்காலி. அதில் இருந்த சிறுமியின் மடியில் வெண்கட்டி.

"நீயோ பேய்?" லவீனா கேட்டாள்.

"நான் நிவேதனா. சாவகச்சேரியிலை இருந்து பின்வீட்டுக்கு வந்திருக்கிறம்."

"பகலிலை வரலாம்தானே?"

"பகலிலை எல்லாரும் இந்தச் சக்கரக் கதிரையைத்தான் பாப்பினம். கட்டத்தைப் பாக்க மாட்டினம்."

லவீனா மதிலைக் காட்டினாள். "மேல் வரிசை இப்ப எட்டும்."

நிவேதனா உற்றுப் பார்த்தாள். "எட்டும். ஆனா ரெண்டு ஏழு மூலையிலை முட்டுது. உன்ரை விதியை நீயே மறந்திட்டியோ?"

லவீனா அவசரமாகச் சட்டை நுனியால் அந்த ஏழுகளில் ஒன்றை அழித்தாள்.

அவளைத் தேடிவந்த ஜெரோசன் மணலைப் பார்த்து நின்றுவிட்டான். இரண்டு கோடுகளின் பக்கத்தில் இன்று ஒரு சோடிக் காலடிகளும் போயின. பேய்க்குக் கால் முளைத்துவிட்டதோ என்று அவன் யோசிப்பதற்குள், மதில் மூலைக்கு அப்பால் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.