சுத்தியல் நின்றால்

அம்ப்ரோஸ் காவல் குடிசைக்குள் நுழைந்தபோது ஈர மரமும் பழைய பாலாடைக்கட்டியும் கலந்த வாசம் அடித்தது. கொக்கியில் போன வருடக் காவல்காரன் தெயோதுலின் தொப்பி அப்படியே தொங்கியது. அதை எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

பனியாற்று நீரைப் புல்வெளிகளுக்குக் கொண்டுவரும் வாய்க்கால், செங்குத்துப் பாறையில் மரத்தொட்டியாகத் தொங்கிக்கொண்டு போகும். அதையொட்டி ஒற்றைப் பலகை, கீழே பள்ளம். பாறைக்கு இந்தப் பக்கம் குடிசை, அந்தப் பக்கம் ஒரு சிறு சக்கரம். நீர் ஓடினால் சக்கரம் சுற்றும், மரச்சுத்தியல் தட்டும். தட்டும்வரை காவல்காரன் காலை நீட்டிப் படுக்கலாம். நின்றால் எங்கோ உடைப்பு. மழையோ மூடுபனியோ, உடனே பலகைமேல் போயாக வேண்டும்.

போன கோடையில் தெயோதுல் அப்படித்தான் போனான். பள்ளத்திலிருந்துதான் அவனைத் தூக்கி வந்தார்கள்.

ஆனால் வாய்க்கால் எங்கும் உடைந்திருக்கவில்லை. அவன் ஏன் போனான் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. அம்ப்ரோஸ் வாய் திறக்கவில்லை. இந்த ஆண்டு காவலுக்கு எவனும் முன்வராதபோது அவன்தான் கை தூக்கினான். தங்கமான மனசு என்று ஊர் மெச்சியது. அந்தப் பாராட்டு அவனைக் கூனிக் குறுக வைத்தது.

அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. அதற்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் வந்தது.

டக். டக். டக்.

சக்கரம் தட்டினால் ஒரே சீராக இருக்கும். இது வேகமாகத் தட்டியது, தளர்ந்தது, கை மாற்றிக்கொண்டதுபோல மறுபடி பிடித்துக்கொண்டது.

அந்தத் தாளம் அம்ப்ரோஸுக்குத் தெரியும்.

கதவைத் தட்டிக்கொண்டு தெயோதுலின் மனைவி கிரெசென்சியா வந்தாள். கறுப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தாள். பட்டினி கிடந்து செத்தால் அடுத்த காவல்காரனுக்கு எங்கே போவது என்று கேலி பேசிக்கொண்டே சால்வையை உதறியவள், சட்டென்று நின்றாள்.

"அது என்ன சத்தம்?"

"சுத்தியல்தான்."

"சக்கரத்தை நேத்தே கழட்டி தச்சன் பட்டறைக்குக் கொண்டுபோயிட்டாங்களே." அவள் குரல் இறங்கியது. "வாய்க்கால்ல இன்னும் தண்ணியே விடலை."

சத்தம் நின்றது.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். போன கோடையில் அன்றைக்குத் தண்ணீர் முறை அவனுடையதில்லை. அவன் புல்வெளியோ கருகிக்கொண்டிருந்தது. உலர்ந்த புல் சேர்க்காவிட்டால் பனிக்காலத்துக்கு முன்பே இரண்டு மாடுகளும் கசாப்புக்குப் போய்விடும். சக்கரத்துக்கு மேலே மடையைத் திறந்து நீரைத் தன் பக்கம் திருப்பினான். காவலில் இருந்த தெயோதுலுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று, சுத்தியலைக் கையால் தூக்கித் தூக்கித் தட்டினான். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கொஞ்சம் நிறுத்தினான்.

கிரெசென்சியா அழவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் தலைக்கு மேலே பார்த்தாள். அவனும் திரும்பினான்.

கொக்கியில் தொப்பி இல்லை.

வாசற்படியில் ஆணி அடித்த பூட்ஸ் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், பாறைப் பக்கமாக நடந்து போனது. கிரெசென்சியா கதவருகே போனாள். எத்தனையோ வருடம் அடுப்படியிலிருந்து கேட்டுப் பழகிய நடை அது.

"அவர் கிளம்பிட்டார்," என்றாள். "உடைப்பைப் பார்க்க."

பூட்ஸ் மண்ணை விட்டு வாய்க்காலோரப் பலகையில் ஏறியது. பலகை முனகியது.

அம்ப்ரோஸ் அடுப்போரம் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து மேசையில் அறைந்தான்.

டக்.

நடை நின்றது.

டக். டக். டக். மூடுபனிக்குள் யாரோ காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டிக்கொண்டே இருந்தான். மேசையில் இருந்த ரொட்டி தரையில் உருண்டது. உள்ளங்கை கன்றிப்போயிற்று. தோளில் அதே பழைய வலி மெல்ல ஏறியது. விரல்கள் மரத்துப்போய், ஒரு தட்டு தவறியது.

வெளியே, பலகையில் ஓர் அடி.

கிரெசென்சியா கதவில் சாய்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க," என்றாள். "இந்தத் தடவையாவது நிறுத்தாதீங்க."